லினக்ஸில் கம்பைலர் ஏற்றும்போது வரும் சிப்பத் தகராறு

கடைக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமது உறுப்பினர்களில் சிலர் லினக்ஸ் முறைக்கு மாறியிருக்கிறார்கள். லைசென்ஸ் பணம் கிடையாது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது என்பவை அதற்கு முக்கியக் காரணங்கள். அப்படி மாறியவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு இவ்விதழில் விளக்கம் எழுத முன்வந்தோம். "கம்பைலர் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றப் போனால் பேக்கேஜ் உடைந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் நாலு வரி வந்து நின்றுவிடுகிறது. சர்வீஸுக்கு வந்த பையன் ஃபோர்ஸ் பண்ணிப் போட்டுவிடலாம் என்கிறான். போடலாமா?" என்பதே அக்கேள்வி.

போடக்கூடாது. ஏன் போடக்கூடாது என்பதை 2024 பிப்ரவரியில் எங்கள் கடையில் நடந்ததை வைத்தே சொல்கிறோம்.

எங்களுடையது ஜவுளி மொத்த வியாபாரம். பில் போடும் கம்ப்யூட்டரில் 2023 ஜூலை முதல் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. (சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே, ஆகவே அதை வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.) சேலைக் கட்டுகளுக்குப் பார்கோடு ஒட்ட ஒரு லேபிள் பிரிண்டர் வாங்கினோம். விற்றவர், "லினக்ஸுக்கு டிரைவர் ரெடிமேடாக இல்லை, சோர்ஸ் தருகிறோம், கம்பைல் செய்து கொள்ளுங்கள்" என்று ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சோர்ஸ் என்பது மனிதர் எழுதிய வடிவத்தில் இருக்கும் புரோகிராம். அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர். துணியாக வந்ததைச் சட்டையாகத் தைத்துத் தரும் தையற்காரர் என்று வைத்துக் கொள்ளலாம். லினக்ஸில் எல்லோரும் பயன்படுத்துவது ஜிசிசி என்ற கம்பைலர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் முதலில் வெளியிட்டது, இன்றும் இலவசம். டெபியனில் இதையும் கூட வேண்டிய கருவிகளையும் சேர்த்து 'பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே பெயரில் கேட்டு வாங்கலாம். (கட்டளைகளை இங்கே தமிழெழுத்தில் தருகிறோம். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்பது உறுப்பினர்களுக்குத் தெரிந்ததே.)

முதலில் பேக்கேஜ் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நம் பாஷையில் அது ஒரு சிப்பம். உள்ளே புரோகிராம் பைல்கள் இருக்கும். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சிப்பத்தின் பெயர், அதன் பதிப்பு எண், இது ஓட வேறு எந்தெந்தச் சிப்பம் வேண்டும், எந்தச் சிப்பத்தோடு இது சேர்ந்திருக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். டெபியன் 12இல் இப்படி 64,000க்கு மேற்பட்ட சிப்பங்கள் உண்டு. இவற்றைக் கையாள இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் டிபிகேஜி. இவர் குடோன் கணக்குப்பிள்ளை மாதிரி. கையில் கொடுத்த சிப்பத்தை இறக்கி வைத்து இருப்பில் எழுதுவதோடு இவர் வேலை சரி. இயன் மர்டாக் 1993இல் டெபியனைத் தொடங்கிய ஆரம்ப காலத்திலிருந்தே இருப்பவர். மற்றவர் ஆப்ட். இவர் கொள்முதல் பார்ப்பவர். 1999இல் டெபியன் 2.1உடன் வந்து சேர்ந்தார். ஒரு சிப்பம் கேட்டால் அதற்கு வேண்டிய மற்றவற்றையும் கணக்குப் பார்த்து, எங்கிருந்து வாங்குவது என்று தீர்மானித்து, மொத்தமாகக் கொண்டு வந்து இறக்குவார். எங்கிருந்து வாங்கலாம் என்ற சப்ளையர் பட்டியல் 'சோர்சஸ்.லிஸ்ட்' என்ற பைலில் இருக்கிறது. இந்தப் பட்டியலைத்தான் உறுப்பினர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். எங்கள் தொல்லை முழுவதும் அங்கேதான் இருந்தது.

'ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்' என்று கொடுத்தோம். லிப்சி6-டெவ் என்ற சிப்பம் வேண்டும், ஆனால் அது ஏறப் போவதில்லை என்று மூன்று நான்கு வரி வந்து, கடைசியில் உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்ற அர்த்தத்தில் ஒரு வரியோடு நின்றுவிட்டது. இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். உண்மையில் அது ஒன்றும் சொல்லாத வரி. நாங்கள் எதையும் நிறுத்தி வைக்கவில்லை. ஒரு சிப்பத்தை இந்தப் பதிப்பிலேயே இருக்கட்டும், மாற்றாதே என்று நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டுதான். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்று கேட்டால் அப்படி நிறுத்தியவற்றின் பெயர் வரும். கேட்டோம். ஒன்றும் வரவில்லை. ஆப்டுக்குக் கணக்கு நேராகாதபோதெல்லாம் இந்த ஒரே வாசகத்தைத்தான் அச்சடித்துவிடுகிறது.

இதில் ஒரு சின்ன யுக்தி உண்டு. லாரியில் சரக்கு வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? கடைசி லாரி ஆபீஸில் கேட்போம். அங்கே வரவில்லை என்றால் அதற்கு முந்தைய ஊரில் கேட்போம். அதேபோல, ஏறப் போவதில்லை என்று எந்தச் சிப்பத்தைச் சொல்கிறதோ அதையே நேராகக் கேட்க வேண்டும். 'ஆப்ட் இன்ஸ்டால் லிப்சி6-டெவ்' என்று கொடுத்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. லிப்சி6-டெவ்வுக்கு லிப்சி6 வேண்டும். அதுவும் சரியாக 2.36-9 என்ற பதிப்பே வேண்டும். ஆனால் இங்கே இருப்பது 2.36-9+டெப்12யு3.

லிப்சி6 என்பது சி பாஷையின் அடிப்படை நூலகம். கம்ப்யூட்டரில் ஏறக்குறைய எல்லாப் புரோகிராமும் இதன் மேல்தான் நிற்கிறது. பில் புரோகிராம், பைல்களின் பட்டியல் காட்டும் சாதாரணக் கட்டளை, ஆப்ட்கூட அப்படித்தான். லிப்சி6-டெவ் என்பது அதே நூலகத்துக்கான குறிப்பேடு. கம்பைலர் ஒரு புரோகிராமைத் தயாரிக்கும்போது நூலகத்தில் என்னென்ன இருக்கின்றன, எந்தப் பெயரில் கேட்க வேண்டும், எந்த இடத்தில் கிடைக்கும் என்பதை இந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே தெரிந்து கொள்கிறது. புரோகிராம்களை ஓட்ட மட்டும் செய்பவருக்கு லிப்சி6 போதும். கம்பைல் செய்பவருக்கு இரண்டும் வேண்டும்.

இரண்டும் ஏன் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பதை ஜவுளிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. பிளவுஸ் துணிக்கு ஷேடு கார்டு வைத்திருக்கிறோம். கார்டு பழைய லாட்டில் வெட்டியது, பீஸ் புது லாட்டில் வந்தது என்றால் ஒரே நம்பர் போட்டிருந்தாலும் கலர் ஒரு நூல் மாறியிருக்கும். கார்டைப் பார்த்து ஆர்டர் எடுத்தால் சரக்கு திரும்பி வரும். அதனால் விவரமான மில்காரர்கள் லாட் மாறினால் கார்டையும் மாற்றிவிடுவார்கள். டெபியன்காரர்கள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 'டெவ்' என்று முடியும் சிப்பங்கள் தமக்குரிய நூலகத்தைப் பொதுவாக அதே எண்ணில்தான் கேட்கும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எனவே இதில் தகராறு என்று சொல்ல ஒன்றுமில்லை. சரக்கு ஒரு லாட், கார்டு ஒரு லாட், அவ்வளவே. அந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதே கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க 'ஆப்ட் பாலிசி லிப்சி6 லிப்சி6-டெவ்' என்ற கட்டளை மிகவும் உதவுகிறது. ஏதோ அதட்டல் மாதிரி இருந்தாலும் இது எதையும் ஏற்றாது, இறக்காது. கணக்கை மட்டும் காட்டும். இன்ஸ்டால்டு என்ற வரியில் இப்போது இருப்பது எந்தப் பதிப்பு, கேண்டிடேட் என்ற வரியில் இனி வாங்கினால் எது வரும், அதன் கீழே எந்தப் பதிப்பு எந்தச் சப்ளையரிடம் இருக்கிறது என்று வரிசையாக வரும். எங்கள் திரையில் லிப்சி6-டெவ்வுக்கு 2.36-9 மட்டும் இருந்தது, கொடுப்பவர் டிவிடி. லிப்சி6க்கு டெப்12யு3 இருந்தது. ஆனால் அதைக் கொடுக்கும் சப்ளையர் பெயருக்குப் பதிலாக டிபிகேஜியின் இருப்புப் பதிவேடான 'ஸ்டேட்டஸ்' பைலின் பெயர்தான் போட்டிருந்தது. அதாவது, சரக்கு குடோனில் இருக்கிறது, ஆனால் இப்போது பட்டியலில் உள்ள எந்தச் சப்ளையரிடமும் அது கிடையாது. ஒரு காலத்தில் யாரிடமோ வாங்கியிருக்கிறோம். அந்த ஆளைப் பிறகு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். உறுப்பினர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த அடையாளத்தை மறக்க வேண்டாம். நாங்கள் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட பேக்கேஜ் தகராறுகள் இந்த ஒரு வரியில் பிடிபட்டுவிடுகின்றன.

யார் எடுத்தது? கடையில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆப்ட் தினமும் சிட்டை எழுதி வருகிறது. 'வார்' என்ற இடத்தில் 'லாக்', அதனுள் 'ஆப்ட்', அதனுள் 'ஹிஸ்டரி.லாக்' என்ற பைல். மாதாமாதம் பழையதைச் சுருக்கிக் கட்டி வைத்துவிட்டுப் புதிது தொடங்கும். பழையதைப் பிரித்துப் பார்த்தோம். 2023 அக்டோபரில் லிப்சி6, 2.36-9இலிருந்து டெப்12யு3க்கு உயர்ந்திருந்தது. சோர்சஸ்.லிஸ்ட் பைலின் தேதியைப் பார்த்தால் அது நவம்பரில் திருத்தப்பட்டிருந்தது. உள்ளே இன்டர்நெட் சப்ளையர்களின் மூன்று வரிகளுக்கும் முன்னால் '#' குறி போட்டு அடைத்து, டிவிடியை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மொபைல் டேட்டா தினமும் தீர்ந்துபோகிறது, அப்டேட் தின்கிறது என்று நாங்களே புகார் சொல்ல, வேறு வேலையாக வந்திருந்த ஒருவர் நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, கேட்டது நாங்கள்.

இதற்குள் தம்பி மகன் பொறுமை இழந்துவிட்டான். ஆப்டிடியூட் என்று இன்னொரு கொள்முதல்காரர் உண்டு. இவர் தகராறு வந்தால் தாமே யோசனைகள் சொல்வார். முதல் யோசனையாக, கம்பைலரை ஏற்றாமலே விட்டுவிடலாமா என்றது. வேண்டாம் என்றோம். இரண்டாவதாக, லிப்சி6ஐ டெப்12யு3இலிருந்து பழைய 2.36-9க்கு இறக்கிவிடலாமா என்று கேட்டது.

"பெரியப்பா, ஒய்னு ஒரு எழுத்து அடிச்சா முடிஞ்சுது. ரெண்டும் ஒரே நம்பர் ஆயிடும்" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. எண்கள் நேராகியிருக்கும், கம்பைலரும் ஏறியிருக்கும், அன்றைக்கு எந்தப் பழுதும் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் அக்டோபரில் லிப்சி6 ஏன் உயர்ந்தது என்று யாராவது கேட்க வேண்டாமா? 2023 அக்டோபர் 3ஆம் தேதி குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், இந்த நூலகத்தில் ஒரு ஓட்டை இருப்பதை வெளியிட்டது. லூனி டியூனபிள்ஸ் என்று அதற்கு ஒரு வேடிக்கைப் பெயர். ஆனால் விஷயம் வேடிக்கையில்லை. கம்ப்யூட்டரில் சாதாரண லாகின் உள்ள எவரும் இந்த ஓட்டை வழியாக முழு அதிகாரியாக, அதாவது ரூட்டாக, மாறிவிட முடியும். டெபியன்காரர்கள் உடனே அடைத்து வெளியிட்ட திருத்தம்தான் அந்த 'யு3'.

நம் கடைகளில் இதன் அர்த்தம் என்ன? எங்கள் கடையில் பில் போடும் பையன்களுக்குத் தனி லாகின். அவர்களால் பில் போட முடியும். ரேட்டைத் திருத்தவோ, போட்ட பில்லை அழிக்கவோ, பார்ட்டிகளின் பாக்கிக் கணக்கைத் தொடவோ முடியாது. கல்லாவின் சாவியை ஒருவரிடமும் கணக்கை இன்னொருவரிடமும் வைப்பதற்கு ஒப்பான ஏற்பாடு இது. லிப்சி6ஐ ஒரு படி இறக்கியிருந்தால் இந்த ஏற்பாட்டின் பூட்டை நாமே கழற்றி வைத்தது போலாகும். எங்கள் பையன்கள் நல்லவர்கள். அது வேறு விஷயம். பிரிண்டர் ஓட வேண்டும் என்ற அவசரத்தில் பூட்டைக் கழற்றியதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும் என்பதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. திரையில் அப்படி ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. இறக்கவா என்று மட்டும்தான் கேட்டது.

சரியான வழி மிகச் சாதாரணமானது. மூன்று வரிகளின் முன்னால் இருந்த '#' குறியை எடுத்தோம். முதல் வரி டெபியனின் மூலக் கிடங்கு, இரண்டாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் கிடங்கு, மூன்றாவது அப்டேட்ஸ். டிவிடி வரியை அடைத்தோம். 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தோம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது எதையும் ஏற்றாது, சப்ளையர்களிடமிருந்து புதிய விலைப்பட்டியல் வாங்குவது போலத்தான். அதன்பின் மறுபடி பாலிசி கேட்டபோது இரண்டு சிப்பத்துக்கும் கேண்டிடேட் என்ற இடத்தில் 2.36-9+டெப்12யு4 என்று ஒரே எண் நின்றது. ஆம், யு3 அல்ல, யு4. இடையில் 2024 ஜனவரி கடைசியில் இன்னொரு பாதுகாப்புத் திருத்தம் வந்திருந்தது. பட்டியலை அடைத்து வைத்ததால் அதுவும் எங்களுக்குச் சேராமல் இருந்திருக்கிறது. கம்பைலர் ஏறாமல் நின்றதால்தான் இது தெரிய வந்தது.

அப்போதும் உடனே ஏற்றிவிடவில்லை. 'ஆப்ட் -எஸ் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்' என்று கொடுத்தால், செய்யாமலே செய்து காட்டும். விலைப்புள்ளி வாங்குவது போல. எத்தனை புதிதாக ஏறும், எத்தனை உயரும், எத்தனை நீக்கப்படும் என்று சொல்லும். இதில் நீக்கப்படும் எண்ணிக்கை பூஜ்யமா என்பதை மட்டும் கண் வைத்துப் பார்க்க வேண்டும். பூஜ்யம் என்று வந்தது. பிறகு நிஜமாகக் கொடுத்தோம். ஜிசிசி 12.2 ஏறியது. பிரிண்டர் டிரைவருக்கு லிப்கப்ஸ்2-டெவ் என்று இன்னொரு சிப்பமும் வேண்டியிருந்தது. அதுவும் லிப்கப்ஸ்2ஐ அதே எண்ணில் கேட்கும் ரகம்தான். பட்டியல் சரியாக இருந்ததால் முணுமுணுக்காமல் ஏறிக்கொண்டது. சாயங்காலம் முதல் லேபிள் கோணலாக அச்சாகி வந்தது. அது பேப்பர் ரோல் மாட்டிய விதத்தில் இருந்த தவறு.

நீக்கப்படும் எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2021 நவம்பரில் உலகறிய நடந்தது ஒன்று. கனடாவைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்டியன், கம்ப்யூட்டர் விஷயங்களை வீடியோவில் விளக்கிப் புகழ் பெற்றவர். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுப் புரோகிராமை ஏற்றப் போனார். எங்களுக்கு வந்ததைப் போலவே அங்கும் சிப்பங்களின் எண்கள் நேராகவில்லை. இதை ஏற்ற வேண்டுமானால் முக்கியமான பலவற்றை நீக்க நேரும், இது ஆபத்து, அப்படியும் வேண்டுமென்றால் 'ஆம், நான் சொன்னபடி செய்' என்று முழு வாக்கியமாகத் தட்டு என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவர் தட்டினார். திரையில் படம் காட்டும் டெஸ்க்டாப்பே போய், கறுப்புத் திரையும் எழுத்தும்தான் மிஞ்சின. அதன்பின் ஆப்ட் புரோகிராமிலேயே காவலைக் கூட்டினார்கள். ஆனாலும் பழைய பதிப்புகள் இன்னும் பல கடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதைவிடப் பெரிய விபத்து நமது உறுப்பினர் ஒருவரின் மளிகை மொத்தக் கடையில் நடந்தது. அனுமதி பெற்றே எழுதுகிறோம். 2024 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, ஏதோ ஒரு புரோகிராமுக்குப் புதிய ஜிசிசி வேண்டும் என்று, டெபியன் 12இன் சப்ளையர் பட்டியலிலேயே, அப்போது இன்னும் சோதனையில் இருந்த அடுத்த பதிப்பின் வரியையும் சேர்த்துவிட்டார்கள். கம்பைலர் சுலபமாக ஏறிவிட்டது. அதுதான் இதில் உள்ள வஞ்சகம். புதிய கம்பைலர் புதிய லிப்சி6ஐக் கேட்டது, அதுவும் ஏறியது. மறுநாள் யாரோ வழக்கம்போல் 'ஆப்ட் அப்கிரேட்' கொடுக்க, நூற்றுக்கணக்கான சிப்பங்கள் புதுப் பதிப்புக்கு மாறத் தொடங்கின. பில் புரோகிராம் பைத்தான் 3.11இல் எழுதியது, அதற்காகத் தனியே ஏற்றி வைத்திருந்த துணைப் பகுதிகள் புதிய பைத்தானின் கண்ணுக்குப் படவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் பில் திரை திறக்கவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டால் பழையபடி ஆகாதா என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். ஆகாது. இதுவும் சப்ளையர் பெயரை அடித்துவிட்டு அவர் தந்த சரக்கை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் கதைதான். எங்கள் கடையில் ஒரு சிப்பத்தில் இருந்த பேதம் அங்கே நூற்றுக்கணக்கில். மேலே போன பதிப்பிலிருந்து கீழே இறங்குவதற்கு டெபியனில் முறையான வழி கிடையாது. இப்படி இரண்டு பதிப்புகளைக் கலந்து தைத்த கம்ப்யூட்டரை அந்த வட்டாரத்தில் பிராங்கன்டெபியன் என்று கேலியாகச் சொல்வார்கள். கடைசியில் முழுவதையும் அழித்து, புதிதாக ஏற்றி, சனிக்கிழமை எடுத்த பேக்கப்பை வைத்து, ஞாயிறு திங்கள் பில்களைக் கார்பன் நகலைப் பார்த்து மறுபடி தட்டினார்கள். அதுவரை கையால் பில். தீபாவளிக் கூட்டத்தில் கையால் ஜிஎஸ்டி பில் போடுவது என்ன பாடு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை பேக்கப் எடுக்கும் பழக்கம் அந்த அண்ணாச்சிக்கு இல்லாதிருந்தால் நிலுவைக் கணக்கே போயிருக்கும்.

உண்மையிலேயே புதிய கம்பைலர் வேண்டுமென்றால் பில் கம்ப்யூட்டரில் கை வைக்காமல், ஒதுக்கிப் போட்ட வேறொரு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வதே நல்லது. சாதாரணமாகக் கம்பைல் செய்வதையும், அதே டெபியன் பதிப்பு ஓடும் வேறு கம்ப்யூட்டரில் செய்து, தயாரான பைலை மட்டும் கொண்டு வந்து போடலாம். எங்களுக்கு இந்த யோசனை பிறகுதான் வந்தது.

சில இடங்களில் நிஜமான தகராறும் வருவதுண்டு; அதையும் சொல்லிவிட வேண்டும். ஜிசிசி-மல்டிலிப் என்ற சிப்பமும், ஏ.ஆர்.எம். சிப்களுக்காகக் கம்பைல் செய்யும் ஜிசிசி சிப்பங்களும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்க மாட்டோம் என்று சீட்டிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அங்கே பட்டியலைத் திருத்திப் பயனில்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வகை, இரண்டு சிப்பங்கள் ஒரே பைலுக்கு உரிமை கொண்டாடுவது. ஒரே கதவு எண்ணுக்கு இரண்டு கடைகள் லைசென்ஸ் கேட்பது மாதிரி. வெளியே எங்கிருந்தோ கிடைத்த சிப்பத்தைக் கையால் இறக்கும்போது இது பெரும்பாலும் வரும். இந்தப் பைல் ஏற்கெனவே இன்ன சிப்பத்தில் உள்ளது என்று டிபிகேஜி பெயரைச் சொல்லியே மறுக்கும். ஆனால் ஜிசிசி 11ம் ஜிசிசி 12ம் ஒன்றாக இருக்கலாமா என்று கேட்பவர்கள் கவலைப்பட வேண்டாம். பைல் பெயரிலேயே எண் இருப்பதால் அவை ஒன்றையொன்று இடிப்பதில்லை.

ஃபெடோரா, ரெட் ஹாட் வகை வைத்திருப்பவர்களுக்குச் சிப்பத்தின் பெயர் மாறும், கணக்கு மாறாது. அங்கே ஜிலிப்சி, ஜிலிப்சி-டெவல் என்று பெயர். அங்கும் ஒரே எண்ணில் இருந்தால்தான் ஏறும். கொள்முதல்காரர் டிஎன்எஃப். எண் நேராகாவிட்டால் அவரே 'அலவ்-இரேசிங்' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள் என்று யோசனை சொல்வார். இடைஞ்சலாக இருப்பதை நீக்கிக் கொள்ள அனுமதி தருவது என்பது அதன் பொருள். எதை நீக்கப் போகிறது என்ற பட்டியலை முழுவதும் படித்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் சோர்சஸ்.லிஸ்டின் மூன்று வரிகளையும் அச்செடுத்து, பேரேட்டின் முதல் பக்கத்தின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறோம். கடையில் யார் அதில் கை வைத்தாலும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். டெபியன் தன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்களின் பெயர்களை வைக்கிறது. 12க்குப் பெயர் புக்வோர்ம், 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13க்குப் பெயர் டிரிக்ஸி. புதிய பதிப்புக்கு மாறும்போது முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, மூன்று வரிகளிலும் பெயரை மாற்ற வேண்டும். இரண்டில் மாற்றி, பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் அந்த வரியை மட்டும் பழைய பெயரிலேயே விட்டுவிட்டால், திருத்தங்கள் வராதது வெளியே தெரியாது.